தாமரைமேல் சிலுவை

1600ஆம் ஆண்டு. பெய்ஜிங் நோக்கிப் போய்க்கொண்டிருந்த இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் மத்தேயோ ரிச்சியின் பெட்டிகளை வழியில் மா தாங் என்பவர் சோதனை போட்டார். மா தாங் ஓர் அரண்மனை அண்ணகர். வரி வசூலிக்கும் அதிகாரத்தால் அந்த வட்டாரத்தையே நடுங்க வைத்தவர். பேரரசருக்குக் காணிக்கையாகப் போகும் கடிகாரங்களும் ஓவியங்களும் அவருக்குப் பிடித்திருந்தன. ரிச்சியின் சொந்தச் சாமான்களுக்குள் மரத்தில் செதுக்கி, இரத்தம் வழிவதுபோல் வண்ணம் பூசிய பாடுபட்ட சுரூபம் ஒன்று கிடைத்ததும் நிலைமை தலைகீழானது. ஆணியால் அறையப்பட்ட மனித உருவத்தைப் பேரரசரைக் கொல்ல வைத்த செய்வினைப் பொம்மை என்றே மா தாங் எடுத்துக்கொண்டார்.

அந்த நெருக்கடியில் ரிச்சி சொன்ன பதில் கவனிக்கத்தக்கது. சிலுவையில் தொங்குபவர் கடவுள் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் நாட்டு மகான் ஒருவர் பிறருக்காக இந்தத் துன்பத்தை ஏற்றார், அவர் நினைவாக வைத்திருக்கிறோம் என்றே விளக்கினார். மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்ட பிறகு, 1601 ஜனவரியில்தான் அவரால் பெய்ஜிங்கில் காலடி வைக்க முடிந்தது.

கிறிஸ்தவக் கலை சீன உடை உடுத்திக்கொண்ட கதையைப் பொதுவாக உடை, முகம், கட்டடக் கூரை என்ற வரிசையில் சொல்வார்கள். மாதா சீனப் பெண்ணானாள், கோயில் ஓட்டுக்கூரை வளைந்தது என்று அந்தக் கதை முடிந்துவிடும். 1,400 ஆண்டுச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சிலுவை என்ற குறியைச் சீனம் எளிதில் ஏற்றது. குழந்தையை ஏந்திய தாய்க்கு அங்கே ஏற்கெனவே ஒரு பீடம் இருந்தது. சிலுவையில் தொங்கும் உடல்தான் திரும்பத் திரும்ப இடறியது. ஒவ்வொரு தலைமுறையும் எதைக் காட்டியது, எதைத் தள்ளிவைத்தது, அந்த முடிவை எடுத்தது யார் என்று கேட்டுக்கொண்டே போனால்தான் இந்தக் கலையின் வரலாறு பிடிபடும்.

மேகமும் தாமரையும்

கிறிஸ்தவம் சீனத்துக்குள் வந்ததற்கு நமக்குத் தெரிந்த முதல் ஆண்டு 635. அலோபென் என்ற துறவி அன்று உலகின் மாபெரும் நகரங்களில் ஒன்றான சாங்ஆனுக்கு வந்தார்; மூன்றாண்டு கழித்துத் தாங் பேரரசர் தைசோங் அவருடைய மதத்துக்கு அனுமதி அளித்தார். இவர் பாரசீகத்தில் வேரூன்றிய கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தவர். இந்த வரலாற்றைச் சொல்லும் கற்பலகை 781இல் நாட்டப்பட்டது. கிட்டத்தட்ட 2.8 மீட்டர் உயரம். சுமார் 1,800 சீன எழுத்துகள், ஓரங்களில் சிரியாக் மொழியில் பெயர்ப் பட்டியல். 1620களில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, இப்போது ஷியான் நகரின் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பலகையின் உச்சியில் சிறிய சிலுவை ஒன்று. அதற்குக் கீழே விரிந்த தாமரை, இரு பக்கமும் சுருண்ட மேகங்கள். தாமரை பௌத்தத்தின் பீடம். மேகம் தாவோ மரபில் சித்தர்கள் உலவும் இடம். அந்நிய மதம் ஒன்று இரண்டு பெரிய மதங்களின் ஆசனத்தில் தன் குறியை ஏற்றி வைத்திருக்கிறது. கல்வெட்டின் வாசகத்தை எழுதியவர் ஜிங்ஜிங், திருச்சபைப் பெயரில் ஆதாம். இவர் இந்தியாவிலிருந்து வந்த பிரஞ்ஞா என்ற பௌத்த பிக்குவோடு சேர்ந்து ஒரு பௌத்த நூலையே சீனத்தில் மொழிபெயர்க்க முயன்றவர். அப்படிப்பட்டவருக்குத் தாமரையைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் இருந்திருக்காது. அவருடைய நீண்ட வாசகம் சிலுவைக் குறியைப் பேசுகிறது. இயேசு சிலுவையில் அறையப்பட்டு இறந்ததை வெளிப்படையாக விவரிக்கவில்லை.

உடல் இல்லாத சிலுவை கிழக்குத் திருச்சபைக்குச் சீனத்தில் மட்டும் உரியதல்ல. சென்னை பரங்கிமலைக் கோயிலில் உள்ள, பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவையும் அதே மரபின் கிளைதான். அங்கும் இலைகள் விரிந்த அடித்தளத்தின்மேல் வெறும் சிலுவையே நிற்கிறது. சீனத்தின் வரவேற்புக்கு இந்த மரபு முன்கூட்டியே தயாராக இருந்தது என்று சொல்லலாம்.

2006இல் லுவோயாங்கில் வெளிப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்தூண் இன்னொரு படி மேலே போகிறது. தாரணி மந்திரங்களைப் பொறிக்கப் பௌத்தர்கள் நிறுத்தும் எண்கோணத் தூணின் வடிவத்தைக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று இறந்தவர் நினைவுக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது. மந்திரம் இருக்க வேண்டிய இடத்தில் கிறிஸ்தவ நூல். மேலே சிலுவையின் இருபுறமும் காற்றில் மிதக்கும் தேவ கன்னியர். துன்ஹுவாங் குகையிலிருந்து ஆரல் ஸ்டைன் கொண்டுபோய் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சிதைந்த பட்டு ஓவியத்தைப் பார்த்தால் முதலில் போதிசத்துவர் என்றுதான் தோன்றும். கை முத்திரையும் மேலாடையும் அப்படி. தலையணியில் சிலுவை தெரிந்த பிறகுதான் அது கிறிஸ்தவப் படம் என்பது புலப்படுகிறது.

845இல் பேரரசர் வூசோங் பௌத்த மடங்களை ஒடுக்கியபோது இந்தத் திருச்சபையும் சேர்ந்து நசுங்கியது. பௌத்தத்தின் சாயலில் வாழ்ந்ததற்கு அதன் தண்டனையிலும் பங்கு கிடைத்தது.

மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தில் கதை கடற்கரைக்கு மாறுகிறது. தென்கிழக்குத் துறைமுகமான சுவான்சௌவில் கிடைத்த கிறிஸ்தவக் கல்லறைக் கற்களில் சிறகு விரித்த தேவதூதர்கள் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார்கள். பட்டுத் துகில்கள் காற்றில் பறக்க, கைகளில் தாமரைமேல் சிலுவையை ஏந்துகிறார்கள். அதே ஊரில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயிலின் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், கண்ணனையும் நரசிம்மரையும் செதுக்கிய தூண்களும் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர், முஸ்லிம், மணிக்கேயர், சைவர் என்று எல்லாரும் தத்தம் கடவுளுக்குக் கல்லில் இடம் தேடிய ஊர் அது. வேலை கொடுத்தவர்கள் வேறு வேறு. உளி பிடித்த கைப்பழக்கம் அந்த ஊருடையது.

பிரான்சிஸ்கன் சபைத் துறவி மொந்தேகொர்வினோ ஜான் பெய்ஜிங் போகும் வழியில் தோமையார் கோயில் இருந்த இந்தியக் கரையில் 13 மாதங்கள் தங்கியவர். கூட வந்த தோழரை இங்கேயே அடக்கம் செய்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். 1306இல் எழுதிய கடிதத்தில், படிக்கத் தெரியாதவர்களுக்காக விவிலியக் காட்சிகள் ஆறினை வரையச் செய்து, லத்தீன், உய்குர், பாரசீகம் ஆகிய மூன்றிலும் விளக்கம் எழுதி வைத்ததாகச் சொல்கிறார். அந்தப் பட்டியலில் சீனம் இல்லை. அவருடைய சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மங்கோலிய ஆட்சியை ஒட்டி வந்த அயலார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

யாங்சௌ நகரின் பழைய மதிலை 1950களின் தொடக்கத்தில் இடித்தபோது ஒரு பளிங்குக் கல் வெளிப்பட்டது. 1342இல் இறந்த இத்தாலிய வணிகர் மகள் கத்தரீனா விலியோனியின் கல்லறைக் கல். புனித கத்தரீனாவின் வேதசாட்சிக் காட்சிகளை ஐரோப்பாவையே பார்க்காத சீனச் சிற்பி செதுக்கியிருக்கிறார். மேலே மாதா குழந்தையை ஏந்திச் சீனப் பாணி ஆசனத்தில் வீற்றிருக்கிறாள். யாரும் திட்டமிடாத, கொள்கை எதுவும் வகுக்கப்படாத தழுவல் இது. இறந்த பெண்ணுக்குக் கல் வேண்டும். உள்ளூரில் கிடைத்த கை அதைச் செய்து கொடுத்தது.

இரண்டு அன்னையர்

ரிச்சியும் மிக்கேலே ருஜ்ஜியேரியும் 1583இல் தென்சீனத்தின் ஜாவ்சிங்கில் வீடு எடுத்தபோது பீடத்தில் வைத்தது மாதா படம். வந்தவர்கள் விழுந்து கும்பிட்டார்கள். கொஞ்ச நாளில் ஊருக்குள் ஒரு பேச்சு பரவியது: இந்த மேற்கத்தியர்களின் கடவுள் ஒரு பெண். பாதிரியார்கள் மாதா படத்தை எடுத்துவிட்டு மீட்பரின் படத்தை மாட்ட வேண்டியதாயிற்று.

இந்தக் குழப்பத்துக்கு அடியில் குவான்யின் இருந்தாள். இந்தியாவில் அவலோகிதேஸ்வரர் என்ற ஆண் போதிசத்துவராகப் புறப்பட்டவர் சீனத்தில் சில நூற்றாண்டுகளில் வெண்ணிற ஆடை உடுத்திய கருணைத் தாயாக மாறியிருந்தார். பிள்ளை வரம் தரும் குவான்யின் மடியில் குழந்தையோடு வீடுதோறும் இருந்தாள். அந்தக் கண்களுக்கு மாதா புதியவள் அல்ல.

ஃபூஜியன் மாகாணத்தின் கைவினைஞர்களுக்கு இது பிழைப்புக்கான வழியாகவும் ஆனது. மணிலாவில் குடியேறிய சீனத் தச்சர்களும் தந்தச் சிற்பிகளும் ஸ்பானியர்களுக்காக மாதாவையும் குழந்தை இயேசுவையும் யானைத் தந்தத்தில் செதுக்கினார்கள். அவர்களுடைய குழந்தை இயேசு சுரூபங்களை 1590இல் மணிலா ஆயர் சலசார் ஸ்பெயினுக்கு எழுதிய கடிதத்தில் வியந்து புகழ்ந்தார். அந்த மாதாக்களின் கண்ணிமைகளில் சீனச் சாயல் இருக்கிறது. அதே காலத்தில் ஃபூஜியனின் தெஹுவா சூளைகள் வெண்பீங்கானில் குழந்தையுடன் கூடிய குவான்யின்களை வார்த்துத் தள்ளின. குழந்தையோடு கூடிய குவான்யின் அவ்வளவு பரவியதற்கே மாதா சுரூபங்களின் பாதிப்பு ஒரு காரணம் என்று வாதிடும் கலை வரலாற்றாசிரியர்கள் உண்டு. அப்படியானால் சீனமாக்கப்பட்டது மாதா மட்டுமல்ல. குவான்யினும் கொஞ்சம் மாதாவாகியிருக்கிறாள். தடை செய்யப்பட்ட ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் இதே வெண்பீங்கான் உருவங்களை வீட்டில் வைத்து மாதாவாக வணங்கியதும் பதிவாகியுள்ளது.

சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் உள்ள பட்டுச்சுருள் இந்தக் கலப்பின் உச்சம். ஆய்வாளர் பெர்ட்ஹோல்ட் லாஃபர் 1910இல் ஷியானில் வாங்கியது. ரோமின் புகழ்பெற்ற மாதா படத்தின் அமைப்பை அப்படியே பின்பற்றி வரையப்பட்ட தாய். அவள் கையில் உச்சிக்குடுமி வைத்த சீனக் குழந்தை, குழந்தையின் கையில் புத்தகம். ஓரத்தில் மிங் காலப் பேரோவியர் தாங் யின்னின் பெயர். அவர் 1524 வாக்கிலேயே இறந்துவிட்டவர், கையொப்பம் போலி. யாரோ ஒருவர், அநேகமாக விற்பதற்காக அல்லது மறைத்துக் காப்பதற்காக, அந்நியத் தாய்க்குச் சீனப் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வான்லி பேரரசருக்கு ரிச்சி கொடுத்த மாதா படங்கள் இவ்வளவு இதமாக ஏற்கப்படவில்லை. ஒளியும் நிழலுமாக, உயிரோடு எதிரில் நிற்பதுபோல் தெரிந்த உருவங்கள் அரண்மனையை மிரளவைத்தன. பௌத்த பக்தையான தாயாரிடம் படங்களைப் பேரரசர் அனுப்பினார், அவரும் அஞ்சினார், கடைசியில் அவை கருவூலத்துக்குப் போயின என்று ரிச்சி எழுதி வைத்திருக்கிறார். பொருள் பழகியது, தீட்டிய விதம்தான் அந்நியம்.

மரப்பலகையில் சுவிசேஷம்

ரிச்சி கற்றுக்கொண்ட பாடம் 1606இல் வெளிவந்த ஒரு நூலில் தெரிகிறது. செங் தாயுவே மைக்கட்டி வணிகர். தம் மைக்கட்டிகளின் அலங்கார வடிவங்களை அழகிய மரச்செதுக்கு அச்சுகளாகத் தொகுத்துக்கொண்டிருந்தார். ரிச்சி அவருக்கு நான்கு கிறிஸ்தவப் படங்களைக் கொடுத்தார்: கடல்மேல் நடக்க முயலும் பேதுரு, எம்மாவு வழியில் சீடர்கள், சோதோமின் அழிவு, குழந்தையுடன் மாதா. அறிஞர் வீட்டு மேசைகளில் புரளப்போகும் நூல் என்று தெரிந்தே தேர்ந்தவை இவை. நான்கில் ஒன்றுகூடச் சிலுவைக் காட்சி அல்ல.

அடுத்த பெரிய முயற்சிக்கு மூலமாக இருந்தது 1593இல் ஆன்ட்வெர்ப்பில் அச்சான ஜெரோம் நதாலின் சுவிசேஷப் பட நூல். செப்புத்தகட்டில் செதுக்கிய 153 படங்கள். தொலைவுக்கேற்பச் சிறுத்துக்கொண்டே போகும் தூண்களும் தெருக்களும். ஒரே சட்டத்துக்குள் பல நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் எழுத்துக் குறி. 1619ஐ ஒட்டி நான்ஜிங்கில் இயேசு சபையைச் சேர்ந்த ஜொவாவோ த ரோச்சா செபமாலைக்காக வெளியிட்ட சிறு நூலில் இவற்றில் 15 காட்சிகள் மரச்செதுக்காக வந்தன. சீனக் கலைஞர் செய்த அறுவைச் சிகிச்சை துணிச்சலானது. எழுத்துக் குறிகள் போயின. பின்னணியில் நெருக்கியடித்த துணைக் காட்சிகள் போயின. நிழல்கோடுகள் போய், ஒரே சீரான கோடும் வெற்றிடமும் வந்தன. மங்கள வார்த்தைக் காட்சியில் மரியா சீனப் பிரபுவின் மாளிகையில் மண்டியிடுகிறாள். அவளுக்குப் பின்னால் மலையும் நீரும் வரைந்த தட்டி, முற்றத்தில் தோட்டப் பாறை. தேவதூதர் சீன மேகத்தில் வந்து இறங்குகிறார். தட்டியில் உள்ள ஓவியத்தை ரசிக்கத் தெரிந்த வாசகரை மனத்தில் வைத்துச் செய்த வேலை இது.

1637இல் ஃபூஜியனில் அதே சபையின் ஜூலியோ அலேனி வெளியிட்ட இயேசு வாழ்க்கைப் பட நூல் எதிர்த்திசையில் போனது. ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள்; நதாலின் அமைப்பையும் எழுத்துக் குறிகளையும் விடாமல் காப்பாற்றியது. ஆனால் மாதா முடிசூட்டப்படும் படத்தின் கீழே மண்டியிட்ட கூட்டத்தில் சீன உடையணிந்தவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இரு நூல்களையும் பக்கத்தில் வைத்தால் தழுவல் என்பது காலப்போக்கில் கூடிக்கொண்டே போகும் நேர்க்கோடு அல்ல என்பது தெளிவாகும். ஒன்று படத்தின் மொழியை மாற்றியது. மற்றது மொழியை விட்டுவிட்டுச் சீனரைப் படத்துக்குள் அழைத்தது.

மூன்றாவது நூல் விபரீதத்தில் முடிந்தது. 1640இல் இயேசு சபை வானியலாளர் ஆடம் ஷால் பவேரியக் கோமகன் அனுப்பிய விவிலியப் படங்களைச் சீன விளக்கங்களோடு சோங்சென் பேரரசருக்குச் சமர்ப்பித்து, அச்சிலும் வெளியிட்டார். இதில் பாடுகளின் காட்சிகள் மறைக்கப்படவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, ஆட்சி மாறி சிங் வம்சம் வந்தபின், யாங் குவாங்சியன் என்ற அறிஞர் கிறிஸ்தவத்துக்கு எதிராக எழுதிய நூலில் ஷாலின் படங்களில் மூன்றை எடுத்து அப்படியே அச்சிட்டார். ஊர்வலமாக எருசலேமுக்குள் நுழைதல், சிலுவையில் அறைதல், சிலுவையை உயர்த்துதல். அவர் வாதம் எளிது: கூட்டம் கூட்டியவன், விசாரிக்கப்பட்டவன், சட்டப்படி தண்டிக்கப்பட்ட குற்றவாளி, இதை நான் சொல்லவில்லை, இவர்களே வரைந்து காட்டுகிறார்கள்.

படம் சாட்சியாக மாறியது. ஷாலுக்கு உடலைத் துண்டு துண்டாக வெட்டிக் கொல்லும் தண்டனை விதிக்கப்பட்டது. 1665இல் பெய்ஜிங்கில் ஏற்பட்ட நிலநடுக்கத்தைத் தெய்வக் குறியாகக் கண்டு அவரை விடுவித்தார்கள். அவரோடு வேலை செய்த சீனக் கிறிஸ்தவ வானியலாளர்கள் ஐவர் தலை இழந்தார்கள். மா தாங்கின் மிரட்சியும் யாங்கின் தர்க்கமும் வேறு வேறு. இரண்டுமே தொட்டது அதே உடலை. தண்டனை பெற்ற உடலை வணங்குவது என்பது, அரசும் சடங்கும் ஒழுங்கும் ஒன்றெனக் கருதிய உலகில், அழகியல் பிரச்சினையாக மட்டும் இருக்க முடியாது.

தூரிகை பிடித்த குருவானவர்

சீன ஓவியமும் கிறிஸ்தவமும் ஒரே மனிதரில் சந்தித்த அரிய நேர்வு வூ லி. 1632இல் பிறந்தவர், சிங் காலத் தொடக்கத்தின் ஆறு பெரும் ஓவியர்களில் ஒருவர். ஐம்பதை நெருங்கும் வயதில் மக்காவ் சென்று இயேசு சபையில் சேர்ந்தார். 1688இல், சீனரிலிருந்து வந்த முதல் ஆயரான லுவோ வென்சாவோ அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். அதன்பின் முப்பதாண்டுகள் ஷாங்காய் வட்டாரத்துக் கிராமங்களில் குருவாக உழைத்து 1718இல் இறந்தார்.

இப்படி ஒருவர் மாதாவையும் இயேசுவையும் மைத் தூரிகையில் கொண்டுவந்து குவித்திருப்பார் என்று எதிர்பார்ப்போம். அவர் அதைச் செய்யவில்லை. விசுவாசத்தைக் கவிதையில் பாடினார். ஓவியத்தில் கடைசிவரை மலையும் நீரும் மரமும்தான். மேற்கத்திய ஓவியம் நிழலையும் உருவ ஒற்றுமையையும் நாடுகிறது, எங்களுடையது அதைத் தேடுவதில்லை என்று குறித்து வைத்தார். படித்த சீனருக்கு ஓவியத்தின் உச்சம் மனித உருவம் அல்ல, நிலக்காட்சி. உருவப்படமும் சாமி படமும் கூலிக் கலைஞர்களின் வேலை. வூ லியின் மௌனம் பக்திக் குறைவால் வந்ததல்ல. கிறிஸ்தவம் கேட்ட வகை ஓவியத்துக்கு அறிஞர் மரபில் மதிப்பான இடமே இல்லை என்பதை அது காட்டுகிறது.

வூ லி கிராமங்களில் இருந்தபோது எதிர்ப்பயணம் ஒன்று நடந்தது. 1715இல் சீனம் வந்த இத்தாலிய இயேசு சபைச் சகோதரர் ஜுசெப்பே காஸ்திலியோனே மூன்று பேரரசர்களிடம் அரண்மனை ஓவியராக இருந்தார். முகத்தில் நிழல் விழுந்தால் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும் என்பதால், நேர் எதிரிலிருந்து வெளிச்சம் விழுவதுபோல் முகங்களை வரையும் பாணியை உருவாக்கினார். அவருடைய சக ஓவியர் ழான் தெனி அத்திரே, கற்றதையெல்லாம் மறந்து புதிதாக ஒரு முறை பழக வேண்டியிருந்ததாக 1743இல் ஒரு கடிதத்தில் குறைபட்டார். குதிரைகளும் போர்க் காட்சிகளும் அரச உருவங்களும் குவிந்தன. அரண்மனைக்கு இவர்களின் கை வேண்டியிருந்தது, மதம் வேண்டியிருக்கவில்லை. 1724இலேயே யொங்செங் பேரரசர் கிறிஸ்தவப் பரப்புரையைத் தடை செய்திருந்தார்.

தடைக்குப் பின்னால் ரோமின் பங்கும் இருந்தது. முன்னோர் வழிபாட்டிலும் கன்ஃபூசியஸ் சடங்குகளிலும் கிறிஸ்தவர் கலந்துகொள்ளலாமா என்ற சர்ச்சையைத் தீர்க்கத் திருத்தந்தை அனுப்பிய தூதர் தூர்னோன். அவர் சீனம் போகும் வழியில் புதுச்சேரியில் இறங்கி, மதுரை மறைப்பணித்தளத்தின் வழக்கங்களைக் கண்டித்து 1704இல் ஆணை பிறப்பித்தார். அங்கிருந்து பெய்ஜிங் போய் கங்சி பேரரசரையும் பகைத்துக்கொண்டார். 1742இல் சீனச் சடங்குகளுக்கும் 1744இல் மலபார்ச் சடங்குகள் எனப்பட்ட அந்த மதுரை வழக்கங்களுக்கும் இறுதித் தடை வந்தது. உள்ளூர்ச் சடங்கே சந்தேகத்துக்குரியது என்ற நிலையில் உள்ளூர்க் கலைக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்?

பெய்ஜிங்கின் பட்டுச்சுருள்கள்

அபினிப் போர்களுக்குப் பின் ஒப்பந்தங்களின் பாதுகாப்பில் திரும்பி வந்த திருச்சபை கோதிக் கோபுரங்களை எழுப்பியது. ஷாங்காயில் இயேசு சபையார் 1864இல் நிறுவிய துஷான்வான் அநாதை இல்லப் பட்டறையில் சீனச் சிறுவர்கள் ஐரோப்பிய மாதாக்களை எண்ணெய் வண்ணத்தில் கச்சிதமாக நகலெடுத்தார்கள். நவீனச் சீன ஓவியத்தின் முன்னோடி ஷு பெய்ஹொங் இந்தப் பட்டறையை மேற்கத்திய ஓவியத்தின் தொட்டில் என்று மதித்தார். தூரிகை சீனர் கையில் இருந்தாலே படம் சீனமாகிவிடாது என்பதற்கு துஷான்வான் நல்ல உதாரணம்.

அதே பட்டறையிலிருந்து வெளிவந்ததுதான் ஹெபெய் மாகாணத்து தோங்லு கிராமத்துக் கோயிலின் மாதா படம். பேரரசித் தாய் சிசியின் உருவப்படத்தை மாதிரியாகக் கொண்டு, அரச உடையில் சிம்மாசனத்தில் அமர்ந்த மாதாவாக இது வரையப்பட்டதாகக் கூறப்படுகிறது. 1900இல் கிறிஸ்தவர்களை வேட்டையாடிய பாக்ஸர் கிளர்ச்சிக்கு ஆதரவு கொடுத்தவர் சிசி. அந்தக் கிளர்ச்சியில் முற்றுகைக்கு ஆளான கிராமம் தோங்லு. சில ஆண்டுகளுக்குள் அந்த அரசியின் கோலத்திலேயே மாதா அங்கே வீற்றிருந்தாள். 1928இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் இதனைச் சீனாவின் அன்னை என்று அங்கீகரித்தார்.

சீனப் பாணிக் கிறிஸ்தவக் கலையைக் கொள்கையாக முன்னெடுத்தவர் செல்சோ கொஸ்தந்தினி. 1922இல் சீனத்துக்கான முதல் திருத்தந்தைப் பிரதிநிதியாக வந்தார். இத்தாலியில் கிறிஸ்தவக் கலை பற்றி எழுதி இயங்கியவர். அவர் வந்த ஆண்டுதான் மாணவர்களின் கிறிஸ்தவ எதிர்ப்பு இயக்கம் வெடித்த ஆண்டு. கோதிக் கோயில்கள் கிறிஸ்தவத்தை அந்நிய மதமாகவே காட்டுகின்றன என்று மறுஆண்டே மறைப்பணித் தலைவர்களுக்கு எழுதினார். 1926இல் ஆறு சீனர்கள் ரோமில் ஆயர்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டதும் இதே திட்டத்தின் ஒரு பகுதி.

கட்டடத்துக்கு அவர் அழைத்தது டச்சு பெனடிக்ட் சபைத் துறவி அடெல்பெர்ட் கிரெஸ்னிக்டை. பெய்ஜிங் ஃபூரென் பல்கலைக்கழகத்தின் 1930ஆம் ஆண்டுக் கட்டடத்தில் அரண்மனைக் கூரையும் மூலைக் கோபுரங்களும் எழுந்தன. ஓவியத்துக்கு அவர் கண்டுபிடித்தது சென் யுவாந்து என்ற மரபு ஓவியரை. 1920களின் இறுதியில் ஒரு கண்காட்சியில் சென்னின் படங்களைப் பார்த்தவர், அவரை வீட்டுக்கு அழைத்து, சுவிசேஷத்தைப் படிக்கக் கொடுத்து, கிறிஸ்தவக் காட்சி ஒன்றை வரையச் சொன்னார். அப்போது சென் கிறிஸ்தவர் அல்ல. வரைய வரைய நெருங்கி, 1932இல் லூக்கா என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். மாதாவை ஓவியமாகத் தீட்டியவர் என்று மரபு சொல்லும் சுவிசேஷகரின் பெயர் அது.

ஃபூரெனில் சென்னிடம் பயின்ற லூ ஹொங்நியன், வாங் சூதா போன்றோர் பட்டில் மையும் இளநிறங்களும் கொண்டு நூற்றுக்கணக்கில் வரைந்தார்கள். மூங்கில் தோப்பில் மாதா, சீன முற்றத்தில் திருக்குடும்பம், ஒட்டகங்களோடு வரும் ஞானிகள். நதாலின் படங்களைச் சீனமாக்கிய மிங் காலக் கலைஞர் நீக்கியதெல்லாம் இங்கே தொடக்கத்திலேயே இல்லை. வெற்றிடம் மீண்டும் மூச்சுவிட்டது. ஐரோப்பியக் கண்காட்சிகளில் பாராட்டு குவிந்தது.

சீனக் கத்தோலிக்கர்களிடம்தான் வரவேற்பு குறைந்தது. தலைமுறைகளாக ஐரோப்பிய மாதாவிடம் செபித்தவர்களுக்குப் புதிய படங்கள் பௌத்தக் கோயிலை நினைவூட்டின. எந்த உருவங்களை விட்டு விலகியதற்காக அவர்களின் பாட்டன்மார் அவமானமும் அடியும் பட்டார்களோ, அதே உருவங்கள் வாசல் வழியாக உள்ளே வருவதுபோல் இருந்தது. இதைப் பழமைப்பிடிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. ஃபூரென் ஓவியங்கள் யாருக்காக வரையப்பட்டன என்று கேட்டால், மறைப்பணிக் கண்காட்சிகளுக்கு வந்த ஐரோப்பியப் பார்வையாளர்களும் அந்நிய மதம் என்று பழித்த சீன அறிவாளிகளும் பதிலில் முதலில் வருவார்கள். பீடத்தின் முன் மண்டியிடும் கிராமத்துப் பாட்டி பிறகுதான் வருவாள். பாடுகளின் காட்சிகளும் இந்தப் பள்ளியில் வரையப்பட்டன. என்றாலும் நினைவில் தங்கியவை பிறப்பும் குழந்தைப் பருவமும் தாயும்தான்.

புராட்டஸ்டண்ட் பக்கத்தில் நார்வேக்காரர் கார்ல் ரைக்கெல்ட் ஹாங்காங்கின் தாவ் ஃபொங் ஷான் குன்றில் 1930களில் ஒரு மையத்தை எழுப்பினார். பௌத்தத் துறவிகளோடு உரையாடுவதே அதன் நோக்கம். சீனப் பௌத்த மடங்களை அளந்து ஆராய்ந்த டேனிஷ் கட்டடக் கலைஞர் பிரிப் மொல்லர் எண்கோணச் சிற்றாலயத்தை வடிவமைத்தார். மையத்தின் சின்னம் தாமரையிலிருந்து எழும் சிலுவை, தாங் காலக் கல்வெட்டிலிருந்து எடுத்தது.

கூரையின் மேல்

1949இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தபின் மறைப்பணியாளர்கள் வெளியேறினார்கள். ஃபூரென் 1952இல் கலைக்கப்பட்டது. கலாச்சாரப் புரட்சியில் கோயில்கள் மூடப்பட்டன. 1980களில் கதவு திறந்தபோது நான்ஜிங் புதிய மையமானது. அங்கே ஹே சி உருவாக்கிய பாணி அறிஞர் மரபின் மையை விட்டுவிட்டு, புத்தாண்டுச் சுவர்ப் படங்கள், நாடக முகப்பூச்சு, உழவர் ஓவியம் ஆகியவற்றின் அடர்வண்ணங்களை எடுத்துக்கொண்டது. ஃபான் பு காகித வெட்டுக் கலையில் விவிலியக் காட்சிகளைச் செய்தார். கிராமத்துப் பெண்கள் ஜன்னலில் ஒட்டும் சிவப்புக் காகிதத்தின் வழியாகச் சுவிசேஷம் வந்தது. வூ லியின் காலத்தில் கணக்கிலேயே வராத கலை இது.

இதற்கிடையே கட்டளை இடும் கை மாறியது. 2015க்குப் பிறகு மதங்களைச் சீனமயமாக்குவது அரசுக் கொள்கையாக வலியுறுத்தப்பட்டது. அரசு அங்கீகாரம் பெற்ற புராட்டஸ்டண்ட் அமைப்புகள் 2018இல் வெளியிட்ட ஐந்தாண்டுத் திட்டம் சீன ஓவியம், எழுத்தணிக் கலை, காகித வெட்டு, சீனக் கட்டடப் பாணி ஆகியவற்றைக் கோயில்களில் ஊக்குவிக்கச் சொன்னது. மேலோட்டமாகப் பார்த்தால் கொஸ்தந்தினியின் கடிதத்துக்கும் இதற்கும் பொருட்பட்டியலில் பெரிய வேற்றுமை இல்லை. அவர் அந்நிய அதிகாரத்திலிருந்து திருச்சபையைப் பிரித்துக் காட்ட விரும்பினார். இந்தத் திட்டம் அதை அரசோடு சேர்த்துக் கட்ட விரும்பியது. இரண்டிலும் வடிவத்தைத் தேர்ந்தது பீடத்தின் முன் நிற்பவர்கள் அல்ல.

அவர்கள் தாமாகத் தேர்ந்த வடிவம் ஒன்று உண்டு. சீனப் புராட்டஸ்டண்ட் கோயில்களின் உச்சியில் பல கல் தொலைவுக்குத் தெரியும் சிவப்புச் சிலுவை. எந்த ஆயரும் பேராசிரியரும் வரைந்து கொடுத்ததல்ல. விசுவாசிகளுக்கு அது மீட்பரின் இரத்தம். புத்தாண்டு விளக்கிலும் மணப்பெண் உடையிலும் உள்ள மங்கல நிறமும் அதுவே. உடலைக் காட்டாமல் இரத்தத்தை மட்டும் காட்டிய வகையில், மா தாங்கின் காலத்திலிருந்து தீராத சிக்கலுக்குச் சாதாரண மக்கள் கண்ட தீர்வாகவும் அதைப் படிக்க இடமுண்டு. கிறிஸ்தவர் மிகுந்த ஜெஜியாங் மாகாணத்தில் 2014 முதல் 2016 வரை இந்தச் சிலுவைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை விதிமீறிய கட்டுமானம் என்ற காரணம் காட்டி இறக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் வென்சௌவின் சான்ஜியாங் கோயில் முழுவதுமாக இடிக்கப்பட்டது. தடுக்க முயன்றவர்கள் கூரை ஏறி நின்றார்கள், சிலர் கைதானார்கள். அவர்கள் காக்க நினைத்ததில் தாமரையோ மேகமோ வளைந்த ஓடோ இல்லை. ஆனால் அதைவிடச் சீனமான கிறிஸ்தவச் சின்னத்தை 2018ஆம் ஆண்டுத் திட்டத்தின் பட்டியலில் தேடிப் பிடிப்பது கடினம்.